தொட்டி நல்ல நிலையில் உள்ளது

ஒக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. வேலை முடிந்து, லண்டனில் நாங்கள் இருக்கிற சட்டனில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தபோது, கணவர் அதை உடைத்து வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை அதன் மேலேயே வைத்திருந்தார். எங்கள் ஹொட் டப்பின் வாரண்டி இன்னும் ஒரு மாதத்தில் முடிகிறது, மேலும் ஐந்து வருடத்துக்கு நீட்ட விரும்பினால் இப்போதே பதியுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

ஹொட் டப் என்றால் பணக்காரர் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு மிதக்கிற சுடுதண்ணித் தொட்டி என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். எங்களுடையது அவருடைய முதுகுக்காக வந்தது. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடமும் லண்டனில் அதற்கு மேலும் முழங்காலில் நின்று தரைக்கு மாபிள் பதித்தவர். முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது. ஒப்பரேஷன் செய்தாலும் சுகம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். சூடான தண்ணீரில் அரை மணித்தியாலம் இருந்தால் வலி குறையும் என்று பிசியோ செய்த பெண் சொன்னாள். மகள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்து வந்து கொம்பியூட்டரில் தேடி, பின்பக்கக் கார்டனில் வைக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துத் தந்தாள். ஆறு பேர் இருக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. அவர் ஒருவர்தான் இருந்தார். தினமும் பின்னேரம் அதற்குள் இறங்கி, கழுத்து வரை தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். வெளியே வரும்போது ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாகக் கொஞ்சம் நின்று, படிக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவார். முகத்தில் பத்து வயது குறைந்திருக்கும்.

வாரண்டியை நீட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பழுதானால் நாங்கள் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. இப்போது நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அதற்கு முன் எட்டு வருடம், வீட்டுச் சாமான்களுக்கு இப்படி நீட்டிய வாரண்டி விற்கிற ஒரு கொம்பனியில் வேலை செய்தேன். விற்கிற பக்கத்தில் இல்லை. பழுதாகிவிட்டது, திருத்தித் தாருங்கள் என்று போன் எடுக்கிற ஆட்களுக்குப் பதில் சொல்லுகிற பக்கத்தில். அந்தக் காகிதங்களில் எந்த வரி எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தேய்மானம் என்றால் காசு இல்லை. தண்ணீரின் மருந்துக் கணக்குப் பிழைத்திருந்தால் இல்லை. எலி கடித்தால் இல்லை. தகுதியுள்ள ஆள் வயர் இழுத்துப் பூட்டவில்லை என்றால் எதுவுமே இல்லை. அன்றிரவு சாப்பிட்டபடி அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். கடைசியில், "எண்டாலும் எடுத்து வைப்பம்" என்றார்.

கடிதத்தை பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டு அந்தக் கதையை அத்தோடு விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை தண்ணீரைப் பரிசோதிக்கப் போனேன். சின்னக் காகிதத் துண்டை நனைத்து, நிறம் மாறுவதைப் பார்த்து மருந்து போடுகிற வேலை. அது என்னுடைய பொறுப்பு. முதல் நாள் பெய்த மழையில் கற்கள் நனைந்திருந்தன. என் காலில் இருந்தது வீட்டுச் செருப்பு, அதுவும் ஊறிப்போயிருந்தது. குனிவதற்காகக் கம்பியைப் பிடித்தபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. குளிர் என்று நினைத்துக் கையை உதறினேன். மறுபடி பிடித்தேன். எறும்பு மறுபடி ஊர்ந்தது. மூன்றாம் தரம் முழுக் கையாலும் பிடித்தபோது அது மணிக்கட்டு வரை ஏறியது.

அது குளிர் இல்லை, கறன்ட். கையை எடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். தொட்டி எப்போதும் போல மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய குளிர்காலம். தொட்டி வந்த புதிதில் வீட்டு ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்து கறன்ட் நின்றது. கிழமையில் இரண்டு தரம், மூன்று தரம், மழை என்றால் கட்டாயம். அப்போது கணவர் தொட்டிக்கு வயர் இழுத்துத் தந்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு சேர்ச் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பழக்கமானவர். நல்ல மனிசன், எங்கள் ஆள், வெளியாரைவிடக் குறைவாகச் செய்து தருவார் என்றுதான் அவரைப் பிடித்தோம். அவர் வந்து மின்சாரப் பெட்டியைத் திறந்து ஒரு மணித்தியாலம் ஏதோ செய்தார். இனி விழாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே பிறகு ஒரு நாளும் விழவில்லை. அந்த நிம்மதியில் நான் அவருக்கு ஒரு பெட்டி பலகாரம் கட்டிக் கொடுத்தேன்.

எங்களிடம் இருந்த வாரண்டி இரண்டு வருடத்துக்கு. அதிலும் மின்சாரப் பாகங்களுக்கு ஒரு வருடம் மட்டும்தான். அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பிரிட்ஜில் ஒட்டியிருந்த கடிதத்தில், நீட்டிய வாரண்டி மின்சாரப் பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் என்று இருந்தது. பதிந்த நாளில் இருந்து முப்பது நாள் கழித்து அது தொடங்கும்.

இதை எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. தொட்டி நன்றாக இருக்கிறது என்று நம்பியபோது வாரண்டி வேண்டாம் என்றவள் நான். பழுது என்று தெரிந்த பிறகுதான் அது வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்தப் பின்னேரமே கொம்பியூட்டரின் முன் இருந்து பதிந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். "தொட்டி நல்ல நிலையில் உள்ளது. அறியப்பட்ட பழுது எதுவும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்." அதில் சரி போட்டேன்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர், நான் ஏன் மனம் மாறினேன் என்று கேட்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னார்.

அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கொம்பனியில் இருந்து யாராவது போன் எடுத்தால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று எனக்குப் பயம். தண்ணீரில் கிருமி பிடித்திருக்கிறது, கடுமையான மருந்து போட்டிருக்கிறேன், ஒரு மாதத்துக்கு இறங்க வேண்டாம் என்றேன். அதற்கும் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் நான் தொட்டியை நிறுத்தவில்லை. இந்தக் கதையில் நான் மறைக்க விரும்புகிற இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இப்படியான இயந்திரங்கள் எத்தனை மணிக்கு ஓடின, எப்போது நின்றன என்பதைத் தாங்களே பதிந்து வைத்திருக்கும். திருத்த வருகிற ஆள் முதலில் அதைத்தான் பார்ப்பான். பதிந்த அன்றே நிறுத்தி, முப்பத்தோராம் நாள் பழுது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆகவே அது ஓடட்டும் என்று விட்டேன். மூடியைப் போட்டு, நான்கு பக்கமும் பட்டியைக் கொழுவினேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு குரல் அடிக்கடி கேட்டது. பழைய வேலையில் இருந்தபோது ஒரு பெண் போன் எடுத்தாள். வயதானவள், ஆங்கிலேயப் பெண். அவளுடைய உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் பொறி பறக்கிறது என்றாள். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, வாரண்டி எடுப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்பு என்று நினைக்கிறேன் என்றாள். நேர்மையாகச் சொன்னாள். அப்படியென்றால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று கொம்பனி எழுதித் தந்திருந்த வசனத்தை வாசித்தேன். "அப்ப நான் இதைத் தொடர்ந்து பாவிக்கலாமா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு போனை வைத்தேன். பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் கிழமை குளிர் இறங்கியது. கணவரால் கதிரையில் இருந்து ஒரே தரத்தில் எழும்ப முடியவில்லை. மேசையைப் பிடித்து, மூச்சை அடக்கி, பாதி எழும்பி நிற்பார். படுக்கையில் புரளும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். நான் எண்ணெய் பூசிவிட்டேன், சுடுதண்ணிப் போத்தல் வைத்துவிட்டேன். கார்டன் பக்கம் அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். இருவரும் வேறு எதையாவது கதைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை மகள் போன் எடுத்து, தானும் மருமகனும் பேத்தியும் ஞாயிறு வரப்போவதாகச் சொன்னாள். பேத்திக்கு ஐந்து வயது. நீச்சல் உடுப்பை இப்போதே போட்டுக்கொண்டு நிற்கிறாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல், வரவேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கணவர் வாசலில் நின்றார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, எனக்கும் இல்லை. "அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் நல்லது என்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. இன்னும் பதினைந்து நாள்தானே என்று மனதுக்குள் எண்ணினேன்.

மூன்றாம் கிழமையில் ஒரு வியாழக்கிழமை. கண் பரிசோதிக்கிற டொக்டர் வரமுடியவில்லை என்று கடையில் எங்களைப் பகல் பன்னிரண்டரைக்கே அனுப்பிவிட்டார்கள். விட்டு விட்டு மழை தூறியது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது வழக்கத்துக்கு மாறாக டிவிச் சத்தம் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. குசினிக்குள் போய் பையை மேசையில் வைத்தேன். ஜன்னலில் ஆவி படிந்தது போல வெளியே வெள்ளையாக இருந்தது. அது ஜன்னலில் இல்லை. மூடியைத் திறந்து வைத்திருந்த தொட்டியில் இருந்து எழும்பிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். இடது கால் இன்னும் தண்ணீருக்குள். வலது கால் வெறுங்காலாக ஈரக் கல்லில். வலது கை கம்பியில். முகம் வீட்டுப் பக்கம் இருந்தது. நான் பின்கதவைத் திறந்தேன். முதலில், என்னைக் கண்டு வெட்கத்தில் அப்படியே நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவருடைய கை மட்டும் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் என்னைப் பார்த்தன.

அவரிடம் ஓட வேண்டும் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. ஓடிப்போய்ப் பிடித்திருந்தால் மகள் எங்கள் இரண்டு பேருடைய உடலையும்தான் எடுத்திருப்பாள். தொட்டியின் மெயின் சுவிச் பக்கத்துச் சுவரில், குப்பைத் தொட்டிகளுக்கு அங்கால், அவர் நின்ற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை நோக்கிப் போனேன். ஏழெட்டு அடிதான் இருக்கும். குப்பைத் தொட்டி ஒன்று இடறியது. சுவிச்சின் மூடி ஈரத்தில் வழுக்கியது, நகத்தால் தோண்டித் திறந்து கீழே இழுத்தேன்.

இரைச்சல் நின்றது. பின்னால் ஏதோ கனமாக விழுகிற சத்தம் கேட்டது.

அவர் கல்லில் ஒருக்களித்துக் கிடந்தார். தலை படியில் அடிபட்டு இரத்தம் மழைத் தண்ணீரோடு ஓடியது. மூச்சு குறட்டை போல வந்தது, ஆனால் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்னைக் கேட்காமலே அம்புலன்சைக் கூப்பிட்டார். அது வரும்வரை கணவருடைய தலையை என் மடியில் வைத்துக்கொண்டு மழைக்குள் இருந்தேன். குடை எடுக்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயம் ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தலையில் ஐந்து தையல். உள்ளங்கையில் கம்பியின் அகலத்துக்கு ஒரு சிவந்த கோடு. இளம் டொக்டர் ஒருத்தி திரைக்கு வெளியே என்னை அழைத்து, தொட்டியில் பழுது இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டாள். இதே கேள்வியை எட்டு வருடம் மற்றவர்களிடம் கேட்டவள் நான். தெரியும் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு ஊர்ந்தது, கட்டத்தில் சரி போட்டது, கிருமி என்று பொய் சொன்னது. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கறன்ட் வாறது. கோடையில இருந்தே கை விறைக்கும். மெல்லிசாத்தானே எண்டு விட்டிட்டன். உம்மட்டைச் சொன்னா தொட்டியைத் தூக்கி எறியச் சொல்லுவீர் எண்டு சொல்லேல்லை. வாரண்டி வந்தாப் பிறகு திருத்துவம் எண்டு நினைச்சன்."

கடிதம் வந்த நாளில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இருவரும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். நான் வேலைக்குப் போன நாட்களில் வலி தாங்க ஏலாமல் இதற்கு முன்பும் இரண்டு தரம் இறங்கியிருக்கிறார். அந்த இரண்டு தரமும் மழை பெய்யவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை மகள் ஒரு எலக்ரீஷியனை அனுப்பினாள். போலந்துக்காரர், அதிகம் கதைக்காதவர். தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தார், பிறகு வீட்டுக்குள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார், மறுபடி தொட்டிக்குப் போனார். குசினி மேசையில் என்னை இருத்தி, குழந்தைக்குச் சொல்வது போல விளங்கப்படுத்தினார். தண்ணீரைச் சூடாக்குகிற கம்பி அரித்துப்போய் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வயர் எங்கும் கொழுவப்படாமல் சும்மா தொங்குகிறது. கசிவு வந்தால் விழ வேண்டிய ட்ரிப் சுவிச்சை, யாரோ அது விழாதபடி சுற்றிக் கடந்து வயர் போட்டிருக்கிறார்கள்.

"இதற்குள் எவ்வளவு காலம் இறங்கினீர்கள்?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ஸ்குரூட்ரைவரை மெதுவாக மேசையில் வைத்தார்.

வயர் இழுத்தவர் தந்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று தரப்படவில்லை. அது இல்லாமல் எந்த வாரண்டியும் இந்தத் தொட்டிக்கு ஒரு சதமும் தந்திருக்காது என்றார். தகுதியுள்ள ஆள் பூட்டாவிட்டால் எதுவுமே இல்லை என்று சாப்பாட்டு மேசையில் கணவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். வாசித்த வரி என் வீட்டைப் பற்றியது என்று அன்று எனக்குப் படவே இல்லை. நாங்கள் காத்திருந்த அத்தனை நாளும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்த நாட்கள்.

வயர் இழுத்த ஆளுக்குக் கணவர் பல தரம் போன் எடுத்தார். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. அந்த ஆளைப் பூசையிலும் பிறகு காணவில்லை. அவர் வேறு யாருடைய வீட்டுக்கெல்லாம் வயர் இழுத்தார் என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்றும் சொன்னேன். நான்கு வீடுகள் தெரியவந்தன. நாலிலும் அந்தப் போலந்துக்காரரைக் கொண்டு பார்ப்பித்தோம். ஒன்றில் குளியலறை ஷவருக்கு இதே மாதிரிச் சுற்றி வயர் போட்டிருந்தது. அந்த வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள்.

வாரண்டியை ரத்துச் செய்ய நானே போன் எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு இளம் பெண் குரல். ரத்துச் செய்வதற்குக் காரணம் என்ன என்று கேட்டு, வீடு மாறுகிறீர்களா, விலை கூடவா என்று பட்டியலை வாசிக்கத் தொடங்கினாள். நான் இடைமறித்து, பதிந்த அன்றே தொட்டி பழுது, அது தெரிந்துதான் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினேன் என்றேன். பிறகு, "வேறு காரணம் என்று போடுகிறேன், மெடம்" என்றாள்.

தொட்டியை இரண்டு ஆட்கள் வந்து அறுக்கிற வாளால் துண்டு துண்டாக அரிந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கணவர் இப்போது கிழமையில் மூன்று நாள் கவுன்சில் நீச்சல் குளத்துக்குப் போய், வயதானவர்களுக்கென்று சூடாக்கி வைத்திருக்கும் சின்னக் குளத்தில் நடக்கிறார். வலது கையின் இரண்டு விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிடுகிறேன்.

அந்த நாளைப் பற்றி நாங்கள் பிறகு அதிகம் கதைக்கவில்லை. ஒரு தரம்தான். இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு காலை, நான் குனிந்து அவருக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"நீர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தனீர்," என்றார். "பிறகு திரும்பிப் போனனீர். விட்டிட்டுப் போறீர் எண்டு நினைச்சன்."

"சுவிச்சை நிப்பாட்டப் போனனான்."

"இப்ப தெரியும். அப்ப தெரியேல்லை."

நான் கடைசிப் பொத்தானைப் பூட்டினேன். அந்த ஏழெட்டு அடியும் அவர் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குளத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.